திடீரென ஒரு பக்க முகம் செயலிழந்தால்: முகவாதத்தின் காரணங்களும் மருத்துவமும்

காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்க உதட்டோரமாக வழிந்துவிடுகிறது. முகம் கழுவினால் ஒரு கண் மட்டும் சரியாக மூடாமல் சோப்பு நுரை உள்ளே போய் எரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. முகவாதம் வந்தவர்களில் பலர் மருத்துவரிடம் முதலில் சொல்வது ஏறத்தாழ இதைத்தான். முந்தின நாள் காதுக்குப் பின்னால் லேசாக வலித்தது என்பதைத் தவிர, பெரும்பாலும் வேறு எந்த முன்னறிகுறியும் இருந்திருக்காது. வீட்டில் உள்ளவர்களில் ஒருவர் பக்கவாதம் என்று பதறுவார். இன்னொருவர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் காற்று அடித்துவிட்டது, தானாகச் சரியாகிவிடும் என்பார். முதலாமவரின் பயம் சில வேளைகளில் உண்மையாகிவிடும் என்பதாலும், இரண்டாமவரின் ஆறுதலை நம்பி மூன்று நாள் காத்திருந்தால் மருந்து வேலை செய்யக்கூடிய காலம் கடந்துவிடும் என்பதாலும், இந்த நோயைப் பற்றிச் சில அடிப்படைகளை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இது அரிய நோய் அல்ல. ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 முதல் 30 பேருக்கு வருகிறது. வாழ்நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 60 பேரில் ஒருவரை இது எப்போதாவது தொட்டுவிடுகிறது. ஆண், பெண் வேறுபாடோ, வலம், இடம் என்ற வேறுபாடோ இதற்குப் பெரிதாக இல்லை. காரணம் இன்னதென்று உறுதியாகப் பிடிபடாமல், ஒரு பக்க முகம் சில மணி நேரத்திலிருந்து மூன்று நாட்களுக்குள் முழுவதுமாகவோ பகுதியாகவோ செயலிழக்கும் வகைக்கு மருத்துவத்தில் பெல்ஸ் பால்சி என்று பெயர். லண்டன் ராயல் சொசைட்டியில் 1821இல் முகநரம்பைப் பற்றிய தம் ஆய்வை முன்வைத்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சர் சார்லஸ் பெல்லின் பெயரையே நோய் தாங்கியிருக்கிறது. உண்மையில் அவருக்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1798இல், நிக்கோலாஸ் ஃபிரீட்ரைக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு பாரசீக மருத்துவர் அல் ராஸி முகம் கோணிக்கொள்ளும் நோயை விவரித்திருக்கிறார். மருத்துவத்தில் பெயர் சூட்டல் எப்போதும் முதலில் கண்டவருக்கு நியாயமாக நடந்துகொள்வதில்லை.

முதலில் நெற்றியைப் பார்க்க வேண்டும்

முகம் கோணியதும் எழும் முதல் கேள்வி, இது மூளையில் ஏற்பட்ட பக்கவாதமா அல்லது முகத்துக்கு வரும் நரம்பில் மட்டும் ஏற்பட்ட கோளாறா என்பதே. இதைப் பிரித்தறிய மருத்துவர் முதலில் செய்யும் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. இரு புருவங்களையும் மேலே உயர்த்தச் சொல்லி நெற்றியைப் பார்ப்பார். பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியிலும் வழக்கம்போலச் சுருக்கங்கள் விழுந்து, வாய் மட்டும் கோணியிருந்தால் கோளாறு மூளையில் இருக்கக்கூடும். நெற்றி வழுவழுப்பாகச் சுருக்கமின்றி நிற்க, புருவம் உயராமல், கண்ணும் மூடாமல், வாயும் கோணியிருந்தால் கோளாறு பெரும்பாலும் நரம்பில் இருக்கிறது.

இதற்குக் காரணம் மூளையின் அமைப்பில் உள்ளது. நெற்றித் தசைகளுக்கான கட்டளைகள் மூளையின் இரு பாதிகளிலிருந்தும் வருகின்றன. கன்னத்துக்கும் வாய்க்கும் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டுமே வருகின்றன. ஆகவே மூளையின் ஒரு பாதியில் அடைப்பு ஏற்பட்டாலும் மற்றப் பாதி நெற்றியைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் கட்டளைகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து ஒரே நரம்பாக வெளியே வந்த பிறகு அந்த நரம்பே பழுதாகிவிட்டால், நெற்றி முதல் தாடை வரை எல்லாமே படுத்துவிடுகின்றன.

இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாம். அதை வைத்து வீட்டிலேயே முடிவெடுக்கக் கூடாது. முகநரம்பு புறப்படும் மூளைத்தண்டுப் பகுதியிலேயே அடைப்பு ஏற்பட்டால் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கும். அப்போது பெரும்பாலும் பார்வை இரண்டாகத் தெரிதல், தலைசுற்றல், தள்ளாட்டம், விழுங்குவதில் சிரமம் போன்றவையும் உடன் இருக்கும். ஆகவே கை அல்லது கால் தளர்வு, மரத்துப்போதல், பேச்சுக் குழறல், சொல் வராமை, கடும் தலைவலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று முகக் கோணலோடு சேர்ந்திருந்தால், அல்லது நெற்றி சுருங்கும்போதே வாய் கோணியிருந்தால், தாமதிக்காமல் 108க்கு அழைக்க வேண்டும் (இலங்கையில் 1990). மூளை இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. சந்தேகம் இருக்குமானால் பக்கவாதம் என்றே கருதி ஓடுவதுதான் சரி. மருத்துவமனையில் அது வெறும் முகவாதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அதில் நட்டமில்லை.

எலும்புக்குள் ஓடும் நரம்பு

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஏழாவது முகநரம்பு. அதில் சுமார் 10,000 நரம்பிழைகள் உள்ளன. ஏறக்குறைய 7,000 இழைகள் முகத்தசைகளை அசைப்பவை. சிரிப்பது, முறைப்பது, கண் சிமிட்டுவது, உதடு குவித்து விளக்கை ஊதி அணைப்பது எல்லாம் இவற்றின் வேலை. எஞ்சிய இழைகள் வேறு பணிகளைச் செய்கின்றன. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து சுவையைக் கொண்டுபோவதும், கண்ணீரையும் உமிழ்நீரையும் சுரக்கச் செய்வதும் அவையே. காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய அங்கவடி எலும்பைப் பிடித்து இழுத்து, பெரிய ஓசைகளின் வேகத்தைக் குறைக்கும் ஒரு குட்டித் தசைக்கும் கட்டளை இதே நரம்பின் வழியாகத்தான் வருகிறது. முகவாதம் வந்த சிலருக்கு ஒரு பக்க நாக்கில் சுவை மாறுவதும், குக்கர் விசில் அந்தப் பக்கக் காதில் மட்டும் தாங்க முடியாத அளவு ஒலிப்பதும் இதனால்தான். இவற்றைச் சொன்னால் கேலி செய்வார்கள் என்று நோயாளிகள் மறைத்துவிடுவதுண்டு. மருத்துவருக்கோ இவை நரம்பு எந்த இடத்தில் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் தடயங்கள்.

நரம்பின் பலவீனம் அதன் பாதையில் இருக்கிறது. மூளையை விட்டதும் அது காதுக்குப் பின்னுள்ள எலும்புக்குள் நுழைந்து, சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள வளைந்த எலும்புக் குழாய் வழியாகச் செல்கிறது. ஒரு நரம்பு எலும்புக்குள் பயணம் செய்வதற்கு இது நெடுந்தூரம். அந்தக் குழாயின் நுழைவாயிலில் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரல் வீங்கினால் மோதிரம் இறுக்குவதைப் போல, அழற்சியால் நரம்பு வீங்கும்போது விரிந்து கொடுக்காத எலும்பு அதை நெரிக்கிறது. நெரிபட்ட நரம்புக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. இரத்தம் குறைந்த நரம்பு இன்னும் வீங்குகிறது. இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே உடைப்பதுதான் மருத்துவத்தின் நோக்கம்.

எலும்பை விட்டுக் காது மடலுக்குக் கீழே வெளியே வரும் நரம்பு, பொன்னுக்கு வீங்கி வரும்போது வீங்குகிற அதே உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து என ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. அந்தச் சுரப்பியில் கட்டி வளர்ந்தால் நரம்பு அங்கேயும் பாதிக்கப்படலாம் என்பதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

என்ன காரணம்?

நெடுங்காலமாகக் காரணம் தெரியாத நோய் என்றே பெல்ஸ் பால்சி பாடநூல்களில் எழுதப்பட்டு வந்தது. இப்போது சந்தேகத்தின் விரல் ஒரு வைரஸை நோக்கி நீள்கிறது. உதட்டோரத்தில் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், பலருக்குச் சிறு வயதிலேயே தொற்றி, நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கிறது. ஜப்பானில் முரகாமியும் அவர் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான முகவாதத்துக்காக அறுவை செய்துகொண்ட 14 பேரில் 11 பேரின் நரம்பைச் சூழ்ந்த திரவத்தில் இந்த வைரஸின் மரபுப் பொருள் இருந்தது. உறங்கும் வைரஸ் விழித்தெழும்போது நரம்பு அழற்சியடைந்து வீங்குகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆயினும், அது ஏன் ஒருவருக்கு விழிக்கிறது, மற்றவருக்கு உறங்கிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு முழு விடை இல்லை. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்தை ஒட்டிய நாட்களிலும் உள்ள பெண்களிடமும் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. குளிர்காற்று பட்டதால்தான் வந்தது என்ற நம்பிக்கை நம்மிடம் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் உண்டு. அதற்கு நிறுவப்பட்ட ஆதாரம் கிடையாது. ஆகவே மின்விசிறியையும் ஏசியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

முகநரம்பு செயலிழப்பதெல்லாம் பெல்ஸ் பால்சி ஆகிவிடாது என்பதுதான் இங்கே கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். மற்றக் காரணங்கள் எவையும் இல்லை என்று பார்த்த பின்னரே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். மற்றக் காரணங்களில் முதன்மையானது ராம்சே ஹன்ட் நோய். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் 1907இல் விவரித்த இந்நோயில், சின்னம்மையை உண்டாக்கிய அதே வைரஸ் பல ஆண்டுகள் கழித்து முகநரம்பில் அக்கியாக வெடிக்கிறது. காது மடலிலோ காதுத் துளையிலோ வாய்க்குள்ளோ நீர்க்கொப்புளங்கள், கடும் காதுவலி, தலைசுற்றல், காது மந்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். பாடகர் ஜஸ்டின் பீபர் 2022 ஜூன் மாதத்தில் ஒரு பக்க முகம் அசையாத நிலையில் காணொளி வெளியிட்டு அறிவித்தது இந்த நோயைத்தான். பெல்ஸ் பால்சியைவிட இதில் முழுக் குணம் கிடைக்கும் வாய்ப்புக் குறைவு. வைரஸ் எதிர்ப்பு மருந்து இதற்குக் கட்டாயம் தேவை. அதனால்தான் முகவாதத்தோடு வருபவரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்காத பரிசோதனை அரைகுறையானது என்கிறேன்.

நீண்ட நாள் சீழ் வடியும் நடுக்காது நோய், தலையில் அடிபட்டு ஏற்படும் எலும்பு முறிவு, முன்பு சொன்ன உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி, உடலின் பல உறுப்புகளில் அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும் சார்கோய்டோசிஸ், எச்ஐவி தொற்று ஆகியவையும் முகநரம்பைப் பாதிக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய் ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் மறந்துவிடக் கூடாதது தொழுநோய். அது முகநரம்பின் கண்ணுக்குச் செல்லும் கிளையைத் தாக்கி, இமையை மூட முடியாமல் செய்யும். உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய தேமலும் உடலில் இருந்தால் அந்தத் திசையில் யோசிக்க வேண்டும். இரு பக்க முகமும் ஒருசேரச் செயலிழப்பது பெல்ஸ் பால்சியில் அரிது. கில்லன் பாரே போன்ற நரம்பு நோய்கள் அப்போது தேடப்பட வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் செயலிழப்பும் அப்படியே. பெல்ஸ் பால்சி மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும்; அதன் பிறகும் வளர்வது வேறு ஏதோ ஒன்று, பல வேளைகளில் கட்டி.

வழக்கமான பெல்ஸ் பால்சிக்கு எல்லோருக்கும் எம்ஆர்ஐ தேவையில்லை. இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் பார்ப்பது பெரும்பாலும் போதும். சர்க்கரை இருப்பதே சிலருக்கு இப்போதுதான் தெரியவரும்.

தானாகவே குணமாகும் நோய், ஆனாலும் மருந்து ஏன்?

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் எரிக் பைட்டர்சன் என்ற மருத்துவர், மருந்து எதுவும் தராமல் முகவாத நோயாளிகளை 25 ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து, 2002இல் கணக்கை வெளியிட்டார். அதில் பெல்ஸ் பால்சி வந்தவர்கள் 1,701 பேர். மருந்தின்றியே 71 விழுக்காட்டினர் முற்றிலும் பழைய நிலைக்குத் திரும்பினர். 85 விழுக்காட்டினரிடம் மூன்று வாரங்களுக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. மீதமுள்ளோருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஆனது. பகுதியாக மட்டும் செயலிழந்தவர்களில் 94 விழுக்காட்டினர் முழுக் குணம் பெற்றனர். முழுவதும் செயலிழந்தவர்களில் அது 61 விழுக்காடுதான்.

முகவாதத்துக்கு இவ்வளவு வைத்தியங்கள் ஏன் புழங்குகின்றன என்பதை இந்தக் கணக்கு விளக்கிவிடுகிறது. பத்துப் பேரில் ஏழு பேருக்குத் தானே சரியாகும் நோயில், மந்திரித்துக் கயிறு கட்டியவர், புறா இரத்தம் தடவியவர், எண்ணெய் நீவியவர், கரண்ட் வைத்தவர் என எல்லோருமே பத்துக்கு ஏழு வெற்றி காட்டுவார்கள். அந்த ஏழு பேரும் சாட்சி சொல்ல ஊரில் நடமாடிக்கொண்டிருப்பார்கள்; கோணிய முகத்தோடு நின்றுவிட்ட மூவரும் வெளியே வரக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் இருப்பார்கள். ஆகவே ஒரு மருந்து உண்மையில் உதவுகிறதா என்றறிய, மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அத்தகைய ஒப்பீடு ஸ்காட்லாந்தில் நடந்தது. 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்த 551 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும், சிலருக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும், சிலருக்கு இரண்டும், சிலருக்குப் போலி மாத்திரையும் பத்து நாட்கள் கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் முழுக் குணம் பெற்றவர்கள் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 83 விழுக்காடு, எடுக்காதவர்களில் 63.6 விழுக்காடு. ஒன்பது மாதத்தில் இது முறையே 94.4, 81.6 விழுக்காடு. அசைக்ளோவிரோ தனியாக எந்தப் பயனையும் காட்டவில்லை. அடுத்த ஆண்டு ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்டோரிடம் வலாசைக்ளோவிர் மருந்தைக் கொண்டு நடந்த ஆய்வும் இதே திசையில்தான் முடிந்தது.

வைரஸ்தான் காரணமென்றால் வைரஸ் மருந்து ஏன் பலிக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். முகம் கோணும் நேரத்தில் வைரஸ் தன் வேலையை முடித்துவிட்டிருக்கலாம். அப்போது எஞ்சியிருப்பது வீக்கமும் நெரிப்பும், அவற்றைக் குறைப்பது ஸ்டீராய்டு. கடுமையான செயலிழப்பில் ஸ்டீராய்டோடு சேர்த்து வைரஸ் மருந்தும் தரலாம் என்பதைப் பல வழிகாட்டு நெறிகள் ஏற்கின்றன. ஸ்டீராய்டு இல்லாமல் அதை மட்டும் தருவதை ஏற்பதில்லை.

பெரியவர்களுக்கு பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிகிராம் வரை, சுமார் பத்து நாட்கள் என்பது ஆய்வுகளில் பயன்பட்ட அளவு. இதை மருந்துக்கடையில் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இம்மருந்து இரத்தச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். வயிற்றுப் புண், காசநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். மறுபுறம், ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் அஞ்சி, சர்க்கரை இருப்பதால் வேண்டவே வேண்டாம் என்று மறுப்பதும் சரியன்று. சர்க்கரையை அடிக்கடி சோதித்து, தேவையானால் அதன் மருந்தளவைத் தற்காலிகமாக உயர்த்திக்கொண்டு, இந்தப் பத்து நாட்களைக் கடப்பது பெரும்பாலோர்க்கு முடியக்கூடியதே. கர்ப்பிணிகள் விஷயத்தில் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்டீராய்டின் பலன் இவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் முழுமையாகக் குணமடைந்துவிடுகிறார்கள்.

எலும்புக் குழாயைத் திறந்து நரம்பின் நெரிப்பை நீக்கும் அறுவை ஒரு காலத்தில் பரவலாகச் செய்யப்பட்டது. காது கேளாமை உள்ளிட்ட ஆபத்துகள் கொண்ட அது இன்று வழக்கமான மருத்துவமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

முகத்தைவிடக் கண் முக்கியம்

நோயாளிக்கும் குடும்பத்துக்கும் வாய்க் கோணலே பெரிதாகத் தெரியும். ஆனால் இந்நோயில் நிரந்தரச் சேதம் விரைவில் ஏற்படக்கூடிய இடம் கண்தான். இமை மூடாவிட்டால் கண்ணீர் கருவிழி மேல் பரவாது, கண்ணீர்ச் சுரப்பும் குறைந்திருக்கும், தூசி படும், காய்ந்த கருவிழியில் புண் விழுந்து தழும்பாகி, பார்வையே மங்கிப்போகலாம். கண்ணை மூட முயலும்போது விழி மேல்நோக்கி உருண்டு இமைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு பலருக்கு உண்டு. மூட முயலும் கண்ணில் வெள்ளை மட்டும் தெரிவதைப் பார்த்து வீட்டார் பயந்துவிடுவார்கள்; அது நல்லதற்கே. இந்தப் பாதுகாப்பு இல்லாதவர்களின் கண் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை விட வேண்டும். வெளியே போகும்போது கண்ணாடி அணிய வேண்டும். இருசக்கர வாகனத்தில் தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். இரவில், சொட்டுக்குப் பதில் கெட்டியான கண் களிம்பை இட்டு, மேலிமையை விரலால் மெல்லக் கீழே இழுத்து முழுவதும் மூடிய பிறகு, தோலைத் துடைத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை இமைமேல் ஒட்டித் தூங்க வேண்டும். திறந்த கண்ணின் மேல் பஞ்சையோ துணியையோ வைத்துக் கட்டுவது தவறு. உள்ளே கண் திறந்துகொண்டால் துணியே கருவிழியை உரசிப் புண்ணாக்கும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணுக்குள் தாய்ப்பால், எண்ணெய், மூலிகைச் சாறு எதையும் விடக் கூடாது.

சாப்பாட்டில் சிறு சிக்கல்கள் வரும். சோறு செயலிழந்த பக்கக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் போய்த் தங்கிவிடும். சாப்பிட்டு முடித்ததும் விரலால் துழாவி எடுத்து வாய் கொப்பளிக்காவிட்டால் பல் கெடும். நீர், காபி போன்றவற்றை நல்ல பக்கமாகச் சாய்த்துக் குடிப்பதோ உறிஞ்சுகுழல் வைத்துக்கொள்வதோ எளிது. உதடுகள் ஒட்ட வேண்டிய ப, ம எழுத்துகள் சிதறுவதால், அப்பா, அம்மா என்ற சொற்களே குழறும். கைபேசியில் பேசும்போது கோணிய பக்க உதட்டை விரலால் லேசாகத் தாங்கிக்கொண்டால் பேச்சு தெளிவாகும்.

பயிற்சி, கரண்ட், பலூன்

முகவாதம் என்றதும் அடுத்த நாளே பிசியோதெரபி நிலையத்துக்கு அனுப்பிக் கரண்ட் வைப்பது நம் ஊர்களில் பரவலான வழக்கம். இந்த மின்தூண்டலால் நரம்பு வேகமாகவோ நன்றாகவோ குணமாகிறது என்பதற்குத் தரமான சான்று கிடைக்கவில்லை என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. பலூன் ஊதுவது, சூயிங்கம் மெல்லுவது, முழுப் பலத்தோடு முகத்தைச் சுளிப்பது ஆகியவற்றையும் முகப் பயிற்சியில் தேர்ந்தவர்கள் பலர் விரும்புவதில்லை. வலுக்கட்டாயமாக முயலும்போது நல்ல பக்கம்தான் மேலும் இழுக்கிறது. மீண்டு வரும் பக்கத்திலோ தசைகள் தனித்தனியாக அசையக் கற்காமல் மொத்தமாகச் சுருங்கப் பழகிவிடுகின்றன.

அசைவு தலைகாட்டத் தொடங்கிய பின் செய்யத்தக்கது, கண்ணாடி முன் அமர்ந்து மெதுவாகவும் சிறிதாகவும் செய்யும் பயிற்சி. புருவத்தை இரு பக்கமும் சமமாக உயர்த்திப் பார்ப்பது, பல் தெரியாமல் மென்மையாகப் புன்னகைப்பது, அப்போது கண் இடுங்காமல் கவனிப்பது, நல்ல பக்கத்தை விரலால் பிடித்து அதன் இழுப்பைக் குறைப்பது என இது போகும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, சில நிமிடங்களே போதும். கேட்கும்போது ஒன்றுமே செய்யாததுபோலத் தோன்றுவதால் இது பலருக்குத் திருப்தி தருவதில்லை. மிஷின் வைத்தால்தான் வைத்தியம் என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது.

பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால்

செயலிழப்பின் அளவைக் குறிக்க 1985 முதல் ஹவுஸ் பிராக்மன் என்ற ஆறு படி அளவுகோல் பயன்படுகிறது. ஒன்று என்றால் இயல்பு, ஆறு என்றால் சற்றும் அசைவில்லை. முதல் வருகையிலேயே இந்த எண்ணைக் குறித்துக்கொள்வது பின்னர் முன்னேற்றத்தை ஒப்பிட உதவும். வீட்டில் செய்யக்கூடியது, முகத்தை இயல்பாக வைத்திருத்தல், புருவம் உயர்த்துதல், கண் மூடுதல், சிரித்தல் ஆகிய நான்கையும் வாரம் ஒருமுறை கைபேசியில் படமெடுத்து வைப்பது. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியாத மாற்றம் படங்களில் தெரியும்.

வெளியுறை மட்டும் பாதிக்கப்பட்ட நரம்பு சில வாரங்களில் மீளும். உள்ளிழையே அறுந்தாற்போல் சிதைந்துவிட்டால், அது நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் புதிதாக வளர்ந்து வர வேண்டும். மாதங்கள் ஆவது இதனால்தான். அப்படி வளரும்போது சில இழைகள் வழி தவறி வேறு தசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. விளைவாகச் சிரிக்கும்போது கண் தானே மூடிக்கொள்ளும், கண்ணை மூடினால் வாயோரம் துடிக்கும். உமிழ்நீருக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால், சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு கண்ணில் நீர் கொட்டும். இவை முறையான மறுபயிற்சியாலும், மிகையாக இழுக்கும் தசைகளில் மிகச் சிறிய அளவில் போடப்படும் போட்டாக்ஸ் ஊசியாலும் கணிசமாகத் தணிக்கக்கூடியவை. ஆண்டுகள் கடந்த பின்னும் இதற்குப் பலன் உண்டு.

முகம் மாறியிருக்கும் காலத்தில் மனச்சோர்வு வருவது இயல்பு. திருமணப் பேச்சு, நேர்காணல், வகுப்பறை என எங்கும் முகம்தான் முதலில் போய் நிற்கிறது. கனடாவின் ழான் கிரேத்தியேன் இளம் வயதில் வந்த முகவாதத்தால் வாய் ஒரு பக்கம் கோணிய நிலையிலேயே அரசியலில் வளர்ந்தவர். 1993 தேர்தலில் ஆளுங்கட்சி அவர் முகத்தைக் குறிவைத்ததாகப் பரவலாகக் கருதப்பட்ட ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தை வெளியிட, எழுந்த எதிர்ப்பில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. வேறு பெரிய காரணங்களும் சேர்ந்து அக்கட்சி அத்தேர்தலில் இரண்டே இடங்களைப் பிடித்தது. அவர் பிரதமராகிப் பத்து ஆண்டுகள் இருந்தார்.

மூன்று வாரங்களில் சிறு அசைவும் தொடங்கவில்லை, அல்லது மூன்று மாதங்களாகியும் முழுமையாகவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ மீண்டும் பார்க்க வேண்டும். கட்டி போன்ற காரணம் விடுபட்டுப்போயிற்றா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் நேரம் அது. முன்பு வந்த பக்கத்திலேயே மீண்டும் வந்தாலும் அப்படியே. பெல்ஸ் பால்சி சுமார் பதினான்கு பேரில் ஒருவருக்கு மறுபடி வரக்கூடியது என்றாலும், அதே பக்கத்தில் திரும்பத் திரும்ப வருவதைச் சும்மா விடக் கூடாது. மீளாத கண்ணிமைக்குள் சிறிய தங்க அல்லது பிளாட்டினத் துண்டை வைத்துத் தைத்து, அதன் எடையால் இமையை மூடச் செய்யலாம். மெல்லும் தசைக்குச் செல்லும் நரம்பின் ஒரு கிளையை முகநரம்போடு இணைத்து அசைவை மீட்கும் அறுவையும், தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்து முகத்தில் பொருத்தும் அறுவையும் உள்ளன. இவற்றில் நரம்பை நரம்போடு இணைக்கும் அறுவைக்கு மட்டும் காலக்கெடு உண்டு: கட்டளை பெறாத முகத்தசை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின் சுருங்கி, நரம்பை ஏற்கும் திறனை இழக்கத் தொடங்கும் என்பதால், ஆறு மாதம் கடந்தும் முகம் அசையாதவர்கள் இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் அந்த அறுவை செய்யும் மையத்தில் ஒருமுறை கலந்தாலோசித்துவிட வேண்டும்.